மந்திரித்த லேப்டாப்

என் லேப்டாப்பைக் கெடுத்தது எங்கள் அப்பாதான் என்று இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் சர்ச் சாமியாருக்கும் அதில் ஒரு பங்கு கொடுத்திருந்தேன்.

அப்பா அமிர்தநாதன் போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலத் தோட்டத்தில் ஜீப் ஓட்டுகிறார். எங்கள் ஆட்கள் புதிதாக எது வாங்கினாலும் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வேண்டும். வீடு, பைக், கிரைண்டர், எதுவானாலும் சரி. கொச்சியில் ஒரு கம்பெனியில், வீட்டிலிருந்தே செய்கிற வேலை எனக்குக் கிடைத்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீடியோவில் பயிற்சி என்று கடிதம் வந்ததும், நான்கு மாதமாக மந்திரிக்காமலே கிடக்கும் லேப்டாப்பின் ஞாபகம் அப்பாவுக்கு வந்துவிட்டது.

அதற்கு முந்தைய வாரம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியார், தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்தார். மூடி வைத்திருந்த லேப்டாப்பை அப்பா அகலமாகத் திறந்து வைத்தார். எதற்கென்று கேட்டேன்.

“ஜீப்புக்கு பானட்டைத் தூக்கி வெச்சுத்தான மந்திரிச்சாக. எஞ்சின்ல படணும்ல” என்றார்.

சாமியார் தாராள மனசுக்காரர். தீர்த்தத்தை மூன்று முறை வீசித் தெளித்தார். நான் பாய்ந்துபோய்த் துணியால் துடைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை எந்தப் பொத்தானை அழுத்தினாலும் லேப்டாப் கண் திறக்கவில்லை.

வாரன்டி இன்னும் எட்டு மாதம் இருந்தது. ஆனால் தண்ணீர் பட்டால் வாரன்டி கிடையாது என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். போனை வைத்துக்கொண்டு ஒப்பேற்ற முடியாது, திங்கட்கிழமை லேப்டாப் இல்லாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு என்று கம்பெனியில் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். வந்த கோபத்தில் அப்பாவிடம் சொல்லக் கூடாததையெல்லாம் சொன்னேன். அப்புறம் பேச்சையே நிறுத்திவிட்டேன்.

“சாமியாரத் திட்டாதடி. ஒங்கப்பாவ வேணும்னா இன்னொரு தடவ திட்டிக்க” என்றாள் அம்மா.

புதன்கிழமை அப்பா லீவு போட்டு, கட்டப்பனை சர்வீஸ் சென்டருக்கு என்னைக் கூட்டிப் போனார். லேப்டாப்பை டவலில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். சாந்தன்பாறை தாண்டியதும் அவராகவே ஆரம்பித்தார்.

“கேட்டா தண்ணி படலன்னு சொல்லிரு பாப்பா. நானும் வாயத் தொறக்க மாட்டேன்.”

தலையை மட்டும் ஆட்டினேன்.

சர்வீஸ் சென்டரில் இருந்த லிபினுக்கு என் வயதுதான் இருக்கும். மலையாளி. எங்களைப் பார்த்ததும் தமிழுக்கு மாறி, ஒவ்வொன்றாகக் கேட்டுப் படிவத்தை நிரப்பினான். எப்போது வாங்கியது, கீழே விழுந்ததா என்றெல்லாம் கேட்டுவிட்டு, “தண்ணி கிண்ணி வல்லதும் பட்டிருக்கா?” என்றான்.

“இல்ல” என்றேன். அந்தக் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அப்பா சட்டைப் பட்டனைத் திருக ஆரம்பித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். பலிக்கவில்லை.

“தம்பி, புள்ள சொல்றத எழுதாதீக. தண்ணி பட்டுச்சு. சாமியாரு தெளிச்ச தீர்த்தம். நாந்தான் தொறந்து வெச்சேன்.”

அதோடு விட்டாரா? பானட் கதையையும் சொன்னார். லிபின் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தான். சிரித்து முடித்ததும் அவன் முகம் மாறியது.

“சேட்டா, சொல்லியாச்சுன்னா நான் எழுதித்தான் ஆகணும். உள்ள ஈரம் போயிருந்தா வாரன்டி கிட்டாது. முதல்ல தொறந்து நோக்கட்டே.”

உள்ளே எடுத்துப் போனான். நான் அப்பா பக்கமே திரும்பவில்லை. அவ்வளவுதான், வேலை போச்சு என்று மனதுக்குள் அழுது முடித்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்து எங்களைக் கூப்பிட்டான். லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி வைத்திருந்தான். உள்ளே நகத்தளவு இரண்டு ஸ்டிக்கர்கள் இருந்தன.

“ஈரம் பட்டா இது சிவப்பாயிரும். நோக்குங்க, நல்ல வெள்ளையா இருக்கு. ஒரு சொட்டுகூட உள்ள போகல. சார்ஜ் ஏத்துற பாகம் தானாவே போயிருக்கு. அது கம்பெனி பொறுப்பு. போர்டு மாத்தித் தருவாங்க, சனியாழ்ச்ச வந்து வாங்கிக்கலாம்.”

தண்ணீர் பட்டதாகச் சொன்னார்கள், உள்ளே ஈரம் இல்லை என்று படிவத்தில் எழுதி, ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அதோடு சேர்த்தான். எனக்கு அங்கேயே துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அப்பா மட்டும் அந்த ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப நாங் கெடுக்கலயா தம்பி?”

இல்லை என்றான் லிபின். நம்பாமல் இன்னொரு முறை கேட்டார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை நான் பேசிய பேச்செல்லாம் திரும்ப என் காதில் கேட்டது.

திரும்பும் வழியில் பூப்பாறையில் நிறுத்தி டீயும் பழம்பொரியும் சாப்பிட்டோம்.

“வாயத் தொறக்க மாட்டேன்னு சொன்னீங்களேப்பா” என்றேன்.

“நீ இல்லன்னு சொன்னப்ப ஒன் மொகத்தப் பாத்தேன் பாப்பா. என்னால நீ பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு. வேல போனா இன்னொன்னு பாத்துக்கலாம்னு தோணுச்சு.”

வேலை என்ன ஏலக்காயா, செடிக்குச் செடி பறிப்பதற்கு என்று ஒரு சண்டை போடலாமா என யோசித்தேன். அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. அவர் தட்டில் மிச்சமிருந்த பழம்பொரியையும் நானே எடுத்துத் தின்றேன்.

சனிக்கிழமை லேப்டாப் வந்தது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் புதிதாகச் சேர்ந்த பதினோரு பேரும் திரையில் தெரிந்தோம். பயிற்சி கொடுக்கிற மேடம் ஒவ்வொருவராக அவரவர் வீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னார். என் முறை வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். அப்பா வேலைக்குக் கிளம்பாமல், இஸ்திரி போட்ட சட்டையோடு, படத்தில் விழுந்துவிடக் கூடாதென்று சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

இவர்தான் என் அப்பா என்று சொல்லி லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். ஒளிய இடம் தேடினார். எங்கள் லயத்து வீட்டில் அதற்கெல்லாம் இடம் கிடையாது. திரையில் எல்லோரும் கையசைத்தார்கள். அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்து, “நாந்தான் ஜிஜியோட அப்பா” என்று சொல்லி வணக்கம் வைத்தார்.