காற்றில் வந்த மாப்பிள்ளை வீடு

சில்வா ஏரியின் மேற்குக் கரையில் நான் தும்மினால், கிழக்கே மொசாம்பிக் எல்லையில் யாராவது ‘நூறு’ என்பார்கள். ஏரி அவ்வளவு தட்டை. ஆழமும் பெரிசாக இல்லை. நான் சொல்லவரும் வருஷத்தில் நட்டநடுவில் இறங்கி நின்றாலும் இடுப்புக்கு மேல் நனையாது.

மலாவி மீன்துறையில் முப்பத்தோரு வருஷம் மீன் அளந்தவன் நான். லைசன் மக்வின்ஜா என்கிற பெயர் சம்பளச் சீட்டோடு சரி. ஏரிக்காரர்களுக்கு நான் ‘அளவுகோல் ஐயா’. நான் அளந்த பொடிமீன்களைத் தலைக்கு வால் சேர்த்து அடுக்கினால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பும் வழியில்தான் தீரும்.

ஓய்வுபெற்ற பிறகும் ஏரியை விட மனசில்லை. மேற்குக் கரையில் தகரக் கூரை போட்ட என் வீட்டைப் பூட்டிவிட்டு, தண்ணீர்மேல் குடியேறினேன். சம்புப் புல்லை வெட்டி அடுக்கி, மேலே குடிசை கட்டி, கழி நட்டுக் கயிற்றில் கட்டிவிட்டால் வீடு மிதக்கும். மீன் பருவத்தில் இப்படி ஒரு ஊரே மிதக்கும். அதில் முடிவெட்டுபவர் உண்டு, வலை தைப்பவர் உண்டு, எலுபியின் தேநீர்க் குடிசை உண்டு. எலுபி கணவனை இழந்தவள். அவள் மந்தாசி மாவு உருண்டைகளை எண்ணெயில் போட்டால், வாசனைக்கு மீன்களே வலையைத் தூக்கிக்கொண்டு வரும்.

ஏரி அப்போது வற்றிக்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதற்கு அந்தப் புத்தி வரும். முழுசாகக் காய்ந்தால் மிதக்கும் ஊர் கலைந்துவிடும். எலுபி கிழக்குக் கரையில் தாய்வீட்டாரிடம் நெல் போடப் போவாள், நான் மேற்கே தகரத்துக்கடியில் உட்கார்ந்திருப்பேன். அதற்குள் அவள் என்னைக் கட்டிக்கொள்வாளா என்று தெரிந்தாக வேண்டும்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் இருக்குமிடம் போய்க் குடியேறவேண்டும். நான் அவளை என் வீட்டுக்கு வரச்சொல்லிக் கேட்டேன். தகரம் என்ன சும்மாவா வந்தது? முறைப்படி என் தம்பி மூன்று தடவை அவள் அண்ணன் பிக்னெலிடம் பேசப் போனான். அறுபது வயசில் மாப்பிள்ளை முறுக்கா, வேண்டுமானால் தகரத்தையே கட்டிக்கொள்ளட்டும் என்று பிக்னெல் மூன்று தடவையும் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஊரே பார்க்க இடுப்பளவு நீரில் நடந்து போனால் ஓய்வுபெற்ற அரசு அலுவலரின் மானம் என்னாவது? ஜூலையில் தெற்குக் காற்று வந்தது. கொக்குகள் பின்பக்கமாகப் பறந்தன. முடிவெட்டுபவரிடம் தலையைக் கொடுத்திருந்தவர் பாதி முடியோடு பறந்து போனார். எலுபியின் குடிசை எனக்கு நேர் வடக்கே. கழியிலிருந்து கயிற்றை அவிழ்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல வாசலில் உட்கார்ந்தேன்.

பாதி வழியில் காற்று லேசாகத் திரும்பியது. வீடு எலுபியின் குடிசைக்கு இருபது முழம் தள்ளி, மரியாதையாக அவளைக் கடந்து போகத் தொடங்கியது. அதற்கப்பால் சம்புக் காடு; அதில் நுழைந்த வீடுகளில் இப்போது கொக்குகள் குடியிருக்கின்றன.

எலுபி வாணலியிலிருந்து நிமிர்ந்தாள்.

“எங்க பயணம், அளவுகோல் ஐயா?”

“காத்து கயித்த அறுத்துடுச்சு எலுபிம்மா. என்ன பண்றது.”

“துடுப்பு இல்லையா?”

அதை மறந்திருந்தேன். அப்படியே சொன்னேன்.

வாணலியை இறக்கி வைத்தாள். இடுப்புத்துணியை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். கையில் மாவு ஒட்டியபடி நடந்து வந்து, மாட்டைப் பிடிப்பதுபோல என் வீட்டைப் பிடித்து, இழுத்துக்கொண்டு போய்த் தன் கயிற்றால் தன் கழியில் கட்டினாள். அப்புறம்தான் பேசினாள்.

“இடுப்பளவு தண்ணி. மூணு தடவ ஆள் அனுப்பினதுக்கு, ஒரு தடவ நடந்து வந்திருக்கலாம்ல?”

வாழ்நாள் முழுக்க யாரையும் சின்ன மீனைப் பெரிய மீன் என்று சொல்லவிடாதவன் நான். அன்றைக்கு என்னிடமும் பொய் தீர்ந்துபோயிருந்தது.

“பயமா இருந்துச்சு. நடந்து வந்து, நீங்க வேணாம்னுட்டா, அவ்வளவு தூரம் திரும்பி நடக்கணுமே.”

அவள் வாணலிப் பக்கம் திரும்பினாள். சூடாக ஒரு மந்தாசியை என் கையில் வைத்தாள். நல்ல பெரிசு, எப்படியும் ஒரு தலையளவு இருக்கும்.

பிக்னெல் ஓடத்தில் வந்து சேர்ந்தார். நீரில் கிடந்த என் கயிற்றைத் தூக்கி, நுனியைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார்.

“அறுந்த கயிறுன்னா நுனி பிரிஞ்சிருக்கணும். இது முடிச்ச அழகா அவுத்த மாதிரியில்ல இருக்கு?”

எலுபி அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நகத்தால் நுனியை ஒவ்வொரு புரியாகப் பிரித்தாள். திரும்ப அவர் கையில் கொடுத்தாள்.

“நல்லாப் பாருங்கண்ணே. பிரிஞ்சுதான் இருக்கு.”

பிக்னெல் கயிற்றைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், என் வாயிலிருந்த மந்தாசியைப் பார்த்தார்.

“சரி, தேத்தண்ணி போடு. மாப்பிள்ளை வீட்டையே தூக்கிக்கிட்டு வந்துட்டாரு. இனிமே நான் என்ன பேச.”

அக்டோபரில் ஏரி காய்ந்தது. இரண்டு வீடுகளும் பக்கத்துப் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்தன. இடைவெளி ஒன்றரை முழம், அளந்து பார்த்தேன். சுற்றி நெல் போட்டோம். அது தென்னை உயரம் வளர்ந்தது.

இப்போது தண்ணீர் திரும்பிவிட்டது. இரண்டு வீட்டுக்கும் ஒரே கழிதான். முடிச்சு மட்டும் எலுபிதான் போடுவாள். அந்த விஷயத்தில் அவள் என்னை நம்புவதில்லை.