கூடுதலாக இருந்த அம்மா

அம்மாவின் படம் வரைந்த அட்டைச் சீட்டு எதிர்வீட்டுத் தையற்காரியிடம் கைமாறிய அன்று மாலையே, அம்மா தன் துணிமணிகளையும் சீப்பையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குக் குடிபோனாள். தெருவில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. சீட்டு யார் கையிலோ ஆள் அவர் வீட்டில் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. குழாய் ரிப்பேர்காரர் ஒரே மாதத்தில் மூன்று வீடு மாறினார். மூன்று வீட்டிலும் ஒழுகல் நின்றது, யாரும் குறை சொல்லவில்லை.

அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்த அப்பா, வெட்டிப்போட்ட அட்டைத் துண்டுகளைக் கொண்டுவருவார். பதினொரு வயது மகள் அவற்றில் ஆட்களை வரைந்து, கீழே பலம், பலவீனம் எழுதி, மூலைகளை நகவெட்டியால் வளைவாக வெட்டிவிடுவாள். விளையாட்டுதான். விதிகளும் அவளே போட்டவை: கொடுத்த சீட்டு கொடுத்ததுதான், சீட்டு செய்கிறவளுக்குத் தன் படம் போட்ட சீட்டு கிடையாது. அம்மாவை இரண்டு தடவை வரைந்திருந்தாள். முதல் சீட்டில் மூக்கு கோணிவிட்டது. ஜாடை இல்லாத சீட்டுக்கு ஆள் அசையாது என்பதால், அந்தக் கோணல் மூக்கைத் தள்ளிவிட்டு, தையற்காரி ஜிகினா வைத்துத் தைத்த நிலாச் சீட்டை வாங்கப் பார்த்தாள். பளபளப்பில் கண் போனது. கை, ஜாடை சரியாக விழுந்த இன்னொரு சீட்டை மாற்றிக் கொடுத்துவிட்டது. அன்றிலிருந்து நிலா அவர்கள் வீட்டுத் துணிக்கொடிக்கு மேலேயே உதித்தது. அப்பா ஒரு நாளும் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நிலாவோடு தன்னிடமிருந்த சீட்டு மொத்தத்தையும் நீட்டி, மகள் அம்மாவைத் திருப்பிக் கேட்டாள். தையற்காரி தனிக்கட்டை, சுவரோடு பேசிப் பழகியவள்.

"எத வேணும்னாலும் கேளு கண்ணு, இவங்கள மட்டும் கேக்காத. நான் ஒருத்தரோட உக்காந்து சாப்பிட்டு எத்தன வருஷமாச்சு தெரியுமா?"

அம்மா பொத்தான் தைத்தபடியே சிரித்தாள். "கூடுதலா ஒண்ணு இருக்குன்னுதானடி என்னைக் குடுத்த?"

கேலியாகத்தான் சொன்னாள். மகளுக்கு அது ஆயுசுக்கும் ஆறவில்லை.

அம்மா நினைத்தால் வாசற்படிவரை வரலாம்; அதற்குமேல் கால் எழாது. அப்பா எதிர்வீட்டுக்குப் போனால், தேநீர் ஆறுமுன் கால்கள் அவரைத் திருப்பிக் கூட்டிவந்துவிடும். வருஷங்கள் ஓடின. அப்பா பாதி ஆளானார். ஜன்னலோரம் தட்டை வைத்துக்கொண்டு, எதிரே விளக்கு அணைகிறவரை தொடாமல் உட்கார்ந்திருப்பார். அச்சகத்தில் அவர் இடத்துக்கு மகளே வேலைக்குப் போனாள்.

அப்பாவை அதுவரை அவள் வரைந்ததே இல்லை. ஒரு விடுமுறைக் காலையில் அவருக்குச் சவரம் செய்துவிட்டு, எதிரே உட்காரவைத்து, அவசரப்படாமல் வரைந்தாள். பலம் என்ற இடத்தில் 'காத்திருப்பார்' என்று எழுதினாள். பலவீனத்துக்கும் வேறொன்றும் தோன்றவில்லை, அதையே எழுதினாள்.

தையற்காரி சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப நீ?"

"நான்தான் செய்யறவளாச்சே," என்றாள் மகள். பதிலுக்கு ஒரு பூனைச் சீட்டை எடுத்துக்கொண்டாள்.

மாலையில் அப்பா தலையணையோடு தெருவைக் கடந்தார். பாதியில் நின்று திரும்பினார். போங்க என்று மகள் கையசைத்தாள். எதிர்வீட்டில் மூன்று தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்தபோது பூனை வந்திருந்தது. அதற்குப் பால் காய்ச்சினாள்.