அரசு அழுத வழக்கு

கும்மிடிப்பூண்டி உருக்காலைகளின் புகைபோக்கிகள் வானுக்குக் கரிய மாலை சூட்ட, பொன்னேரி வயல்களோ அதனை அறியாதவைபோல் பச்சை விரித்துக் கிடக்க, இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுத் தைத் திங்களின் இளவெயிலில், குற்றவியல் நடுவர் மன்றத்தின் படிகளில் அரசு உதவி வழக்குரைஞர் துளசிராமனார் ஏறினார். ஏறியது தாமல்ல, அரசே என்பது அவர் எண்ணம்.

கற்றறிந்த நண்பரே, அவ்வெண்ணம் முற்றும் பிழையன்று. குற்றத்தைத் துப்பறிவது காவலர் தொழில். அதனை மன்றில் நாட்டுவது வழக்குரைஞர் தொழில். ஒருவர்க்கொருவர் பணியாளர் அல்லர். இவருக்குமேல் துணை இயக்குநர், அவருக்குமேல் இயக்குநர் எனத் துறை ஏழுநிலை மாடம்போல் ஓங்கி நிற்க, அடிநிலையில் நின்ற துளசிராமனார்க்கோ தாமே அதன் கொடிமுடி என்னும் நினைவு.

அன்றைய வழக்கு, கவசமின்றி உலைமுன் நிறுத்தப்பட்டு வெந்து மாண்ட தாவீதின் வழக்கு. மேற்பார்வையாளன் அவனை வைது உலைக்கூடத்துள் தள்ளியதைக் கண்டவள், அவ்வாலையிலேயே கூட்டிப் பெருக்கிய தாய் ஞானம்மா ஒருத்தியே. அன்றும் சான்று வாராவிடில் வழக்கை முடித்துவிடுவதாக நடுவர் முன்பே எச்சரித்திருந்தார்.

அவளைத் தலைமைக் காவலர் ஷாகிர் வழக்குரைஞர் அறைக்கு அழைத்துவந்தார். “சார், இந்தம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசிக்கினீங்கன்னா...”

“இன்னாய்யா, நான் உன் ஸ்டேஷன் ஆளா? நான் தனித் துறைய்யா! சொல்லாம கொள்ளாம ஆளக் கூட்டினு வர்றே! கேட்டாண்ட மரத்துக்குப் போங்க, ரெண்டு பேரும்!”

“அம்மாந்தொலவா? கூப்ட்டா காதுல உழுமா சார்?” என்றாள் ஞானம்மா. கழுத்துப்பட்டையைச் சீர்செய்துகொண்டிருந்தவர் அவள் முகத்தை ஏறிட்டும் பார்த்திலர். ஷாகிரோ தம் சினத்தைத் தேநீரில் கரைக்கப் போய்விட்டார்.

வழக்கு வந்தது. மன்றப் பணியாளர் வாயிலில் நின்று, இருமலுக்கிடையே மும்முறை அவள் பெயரைக் கூவினார். எவரும் வரவில்லை. நடுவர் எழுதுகோலை எடுக்கக் கண்ட துளசிராமனார் பதறி எழுந்து, சாளரங்கள் அதிர முழங்கலானார்: “ஐயா! அச்சுறுத்தப்பட்டாளோ அந்த ஏழைத் தாய்? கடத்தப்பட்டாளோ? ஞானம்மாவின் கண்ணீர் அரசின் கண்ணீர்! இதோ, அரசே அழுகின்றது!”

பணியாளரின் அழைப்பு எட்டாத மரத்தடிக்கு இம்முழக்கம் எட்டியது. மூச்சிரைக்க ஓடிவந்தாள் அவள்.

“யாரும் கடத்தல சார். நீங்கதான மரத்தாண்ட போச் சொன்னீங்க?”

மன்றம் சிரித்தது. நடுவர் மட்டும் முகம் மாறாமல், “அரசு அழுது முடித்துவிட்டதா? இனி அந்த அம்மா பேசலாமா?” என்றார்.

கூண்டேறி, எதிரே நின்ற மேற்பார்வையாளனைக் காட்டினாள். “எம் புள்ள கவசம் கேட்டான். ‘இஷ்டம்னா உள்ள போ, இல்லாங்காட்டி ஊட்டுக்குப் போ’ன்னு கத்திக்கினே இவருதான் தள்ளுனாரு.” துளசிராமனார் அதன்பின் கேட்டவையெல்லாம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

குறுக்கு வினாவுக்குக் குறித்த நாளில், அவளை அழைக்கத் துறையின் கொடிமுடி தானே மரத்தடிக்கு இறங்கிவந்து, “வாங்கம்மா” என்றது. மாண்டவனுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. அரசு தன் முகம் பார்த்துப் பேசியதை மட்டும் அன்றுதான் கண்டாள், அவனைப் பெற்றவள்.