மூலைக் கண்ணாடி வண்டி

என் பண்ணை முதலாளி வெர்லின், தன் அப்பா வாங்கிய அந்த செவர்லே பிக்கப் வண்டியை நாற்பத்து நாலு வருஷமாக என் காதுபட ஒரே பெயரால்தான் கூப்பிட்டு வந்தான்: தகர டப்பா. போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அது "அவள்" ஆகிவிட்டது. "அவ மேல கைய வைக்காத டெல்மர், கைரேகை படும்," என்றான். முந்தின நாள் அதே வண்டியின் பின்தட்டில் நான் ஒரு செத்த கன்றுக்குட்டியை ஏற்றிப் போயிருந்தேன்.

காரணம், டென்வரிலிருந்து ஒருவர் போன் செய்திருந்தார். பெயர் ஹேல், பழைய வண்டிகளைச் சேர்ப்பவர். நெடுஞ்சாலையில் போகும்போது தீவனக் கடை வாசலில் எங்கள் வண்டியைப் பார்த்தாராம். ஐம்பத்தொன்றாம் வருடத்து வண்டி, அதிலும் ஓட்டுநர் அறையின் பின்மூலைகளில் வளைந்த கண்ணாடி வைத்தது. அந்தக் கண்ணாடிக்கு அந்தக் காலத்தில் தனியாகக் காசு கட்ட வேண்டும். விவசாயிகள் யாரும் கட்டவில்லை. வெர்லினின் அப்பா மட்டும் கட்டியிருக்கிறார், பின்னால் வரும் மாட்டைத் திரும்பாமலே பார்க்கலாம் என்று. அந்தச் சோம்பேறித்தனத்துக்கு இன்றைய விலை இருபத்தோராயிரம் டாலர் என்றார் ஹேல்.

வெர்லின் உடனே கோழிகளை வண்டியிலிருந்து விரட்டினான். ஐலீனின் நல்ல படுக்கை விரிப்பை எடுத்துப் போர்த்தினான். ஐலீன் என்றால் அவன் பெண்டாட்டி. அந்த விரிப்புக்காக அவள் இரண்டு நாள் பேசவில்லை. பின்தட்டில் தீவனம் ஏற்றக் கூடாது என்று எனக்கு உத்தரவு. வண்டி விற்ற காசில் புது வண்டி வாங்கப் போகிறானாம், உட்காருமிடம் தானாகச் சூடாகும் வண்டி.

எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் இல்லை. விஷயம் இதுதான். எங்களிடம் நூற்று நாற்பது பசுக்கள். பனிக்காலத்தில் அவை மணல் மேடுகளுக்குப் பின்னால் எங்கெங்கோ ஒதுங்கி நிற்கும். நான் அந்த வண்டியில் புண்ணாக்குக் கட்டிகளை ஏற்றிக்கொண்டு போய் ஹாரனை இரண்டு தடவை அடிப்பேன். மேட்டுக்கு மேடு தலை முளைக்கும், எல்லாம் ஓடி வரும். பசு வரும்போது கன்றும் வரும், அடுத்த வருஷம் அந்தக் கன்று தானாக வரும். அப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. வேறு ஹாரனுக்கு அவை நிமிர்ந்துகூடப் பார்க்காது. தபால்காரர் அடித்துப் பார்த்திருக்கிறார். வண்டி போய்விட்டால் நான் குதிரையில் ஏறிப் பனியில் ஒவ்வொன்றாக ஓட்டி வர வேண்டும். எனக்கு அறுபத்து நாலு வயது. வலது முழங்காலில் இரும்பு இருக்கிறது. குதிரையில் ஏறிவிடுவேன். இறங்குவதற்குத்தான் இரண்டு பேர் வேண்டும்.

இதை வெர்லினிடம் சொன்னேன். புது வண்டியின் ஹாரனுக்கு மாடுகளைப் பழக்கிவிடலாம் என்றான். எத்தனை நாளில் என்று கேட்டேன். "மாடு என்ன உன்ன மாதிரியா? சீக்கிரம் கத்துக்கும்," என்றான்.

சனிக்கிழமை ஹேல் வந்தார். பண்ணையாட்கள் போடுகிற மாதிரிச் சட்டை, ஆனால் துவைத்து இஸ்திரி போட்டது. காரை விட்டு இறங்கியதும் தொப்பியைக் கழற்றினார், சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி. விரிப்பை விலக்கினோம். அவர் வண்டியை மூன்று தடவை சுற்றி வந்தார், மண்டியிட்டு அடியில் பார்த்தார், பின்தட்டின் மரப்பலகையை மோந்து பார்த்தார். அது கம்பெனி போட்ட அதே பலகை என்று தெரிந்ததும் தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பேட்டரியைப் பெரிதாக மாற்றியதை மட்டும், எல்லோரும் செய்வதுதானே என்று பெரிய மனது பண்ணி மன்னித்தார்.

இடது கதவில் ஒரு பள்ளம் உண்டு. அதை விரலால் தடவி, இது எப்படி வந்தது என்று கேட்டார். எண்பத்து மூன்றில் ஒரு காளை முட்டியது என்றேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். என்ன நிறக் காளை என்று கேட்டார். அதையும் எழுதிக்கொண்டார்.

இதெல்லாம் ஏன் இவ்வளவு அரிது என்று ஐலீன் கேட்டாள். அவர் பொறுமையாக விளக்கினார். செய்யும்போது லட்சக்கணக்கில் செய்தார்களாம். ஆனால் எல்லாவற்றையும் சாகும்வரை வேலை வாங்கி, பிறகு ஓடைக் கரையில் தள்ளிவிட்டார்களாம். அழகு கார்களை எல்லோரும் பொத்தி வைத்தார்கள், உழைத்த வண்டியை யார் பொத்தி வைப்பார்கள்? அதனால் முழுதாக மிஞ்சியது சொற்பம், மிஞ்சியதற்குத்தான் மதிப்பு. கேட்டுக்கொண்டே நின்றேன். என் மாதிரி ஆட்களையும் நிறையத்தான் செய்தார்கள், மிஞ்சியிருப்பது சொற்பம்தான். ஆனால் டென்வரிலிருந்து யாரும் வரவில்லை.

பிறகு ஓட்டிப் பார்க்கலாமா என்றார். ஹேல் ஓட்ட, வெர்லின் பக்கத்தில், நான் பின்தட்டில். மேய்ச்சல் நிலத்துக்குள் ஒரு மைல் போனோம். காற்று காதை அறுத்தது. உள்ளே வெர்லின், எல்லாமே வேலை செய்யும் சார், விளக்கு, துடைப்பான், ஹாரன், எதை வேண்டுமானாலும் அமுக்கிப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இங்கே என் தப்பையும் சொல்லிவிட வேண்டும். தீவனம் இல்லாமல் அந்த ஹாரனைத் தொடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். வெர்லினுக்கும் தெரியும், இருபத்தோராயிரத்தில் அவன் மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை. வாயை மூடிக்கொண்டேன். இஸ்திரிச் சட்டைக்காரர், மாட்டு எச்சில் பட்டால் வேண்டாம் சாமி என்று ஓடிவிடுவார் என்பது என் கணக்கு.

அவர் ஹாரனை அடித்தார். சத்தம் பிடித்துப்போய் இன்னொரு தடவையும் அடித்தார்.

இரண்டு நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் மேற்கு மேட்டில் முப்பத்தொன்று தெரிந்தாள். காது வில்லையில் முப்பத்தொன்று என்று போட்ட கிழட்டுப் பசு, எல்லாவற்றுக்கும் தலைவி. அவளுக்குப் பின்னால் மேடே நகர்ந்து வருகிற மாதிரி நூற்று முப்பத்தொன்பது. வண்டியைச் சுற்றி இடமில்லாமல் நின்றன. என்னைப் பார்த்தன. பின்தட்டைப் பார்த்தன. அதில் நான் மட்டும்தான் இருந்தேன். முப்பத்தொன்று ஓட்டுநர் ஜன்னலில் தலையை நுழைத்து, ஹேலின் கன்னத்தை முகவாயிலிருந்து புருவம் வரை ஒரே இழுப்பாக நக்கினாள்.

முக்கால் மணி நேரம் நகர முடியவில்லை. வெர்லின் கெட்ட வார்த்தைகளை முழுங்கி முழுங்கி நீலமாகிவிட்டான். நான் முதுகைக் காட்டி நின்று சிரிப்பை அடக்கினேன்.

ஹேல் ஓடவில்லை. செல்போனை எடுத்துப் படம் பிடித்தார். கண்ணில் தண்ணீர். வீட்டுக்குத் திரும்பியதும் வெர்லினின் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த வண்டிக்கு ஒரு கதை இருக்கு சார். கதை இருக்கிற வண்டி கிடைக்கவே கிடைக்காது. மேல மூவாயிரம் போட்டுத் தர்றேன்."

வெர்லின் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு அன்பு. கல்யாணத்தன்றுகூட ஐலீனை அவன் அப்படிப் பார்த்திருக்க மாட்டான்.

சமையலறையில் உட்கார்ந்தோம். ஐலீன் ஆப்பிள் பை என்கிற பழப் பலகாரத்தை வெட்டி வைத்தாள். ஹேல் ஒரு காகிதத்தை எடுத்தார். வண்டியைப் பராமரித்தவர் கையெழுத்துப் போட வேண்டும், எந்தெந்தப் பாகம் வண்டியோடு பிறந்தது என்பதற்கு. இது இல்லாமல் பழைய வண்டிக் கண்காட்சியில் யாரும் நம்ப மாட்டார்களாம். பராமரித்தவன் நான்தான். நான் எழுத்துக் கற்றது ஐம்பது வயதில், நூலகத்து மேஜையில். அதனால் எதையும் மேலோட்டமாகப் படிக்க எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன். பலகாரம் ஆறிப்போனது. வெர்லின் நாற்காலியில் நெளிந்தான்.

"கையெழுத்தப் போட்டுத் தொலையேன்யா. பரீட்சை எழுதப் போறியா என்ன?"

பதினேழாவது வரியில் விரல் நின்றது, நானே மறந்துபோன ஒன்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஹாரன். பக்கத்தில், அசல் என்று குறி போடக் கட்டம். போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. வெர்லினுக்கு இருபத்து நாலாயிரம், எனக்குக் குதிரை.

"இது மட்டும் வண்டியோட பிறந்தது இல்ல," என்றேன்.

மேஜைக்கு அடியில் வெர்லின் உதைத்தான். சரியாக வலது முழங்காலில். நான் அப்படியே சொல்லி முடித்தேன். பழைய ஹாரன் எண்பத்தெட்டில் ஊமையாகிவிட்டது. ஒரு பண்ணை ஏலத்தில், கவிழ்ந்துபோன தானிய லாரியின் ஹாரனை இரண்டு டாலருக்கு எடுத்து மாட்டினேன். பழையதை எங்கே போட்டேன் என்று ஞாபகமில்லை.

ஹேலின் முகம் வெளுத்தது. "அப்ப அந்த மாடுங்க?"

"அதுங்களுக்கு உங்க வண்டியத் தெரியாதுங்க. லாரி ஹாரனத்தான் தெரியும்."

அவர் தட்டில் இருந்த பலகாரத்தை முள்கரண்டியால் இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கம் கதை, ஒரு பக்கம் அசல். பாவமாக இருந்தது எனக்கு. கடைசியில் ஒரு கட்டத்தில் மட்டும் தப்பு இருந்தாலும் தன்னால் தூங்க முடியாது என்றார். அந்த வருடத்து ஹாரன் ஒன்றை எங்கிருந்தாவது தேடிப் பிடிப்பாராம். பேசினபடி இருபத்தோராயிரம்தான் தருவார், லாரி ஹாரனைக் கழற்றிவிட வேண்டும்.

"அத என்ன பண்றது சார்?" என்றேன், முகத்தை எவ்வளவு சாதுவாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு சாதுவாக வைத்துக்கொண்டு.

"தூக்கிப் போட்டுடுங்க. என் கண்ணுல படாம இருந்தாச் சரி."

இரண்டே மரையாணிதான். முழங்கால் வலியோடு ஐந்து நிமிஷத்தில் கழற்றினேன். செவர்லே ஒரு இழுவை வண்டியின் முதுகில் ஏறி, போர்வை போர்த்திக்கொண்டு டென்வருக்குப் போனது. வெர்லின் அந்த மூவாயிரத்துக்காக ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசாத அந்த வாரத்தில் மூவாயிரம் என்ற சொல்லை மட்டும் நிறைய தடவை சொன்னான்.

நவம்பரில் புது வண்டி வந்தது. வெர்லின் ஐலீனின் காரில் டவுனுக்குப் போயிருந்தபோது லாரி ஹாரனை அதன் முகப்புக்குள் கட்டுக்கம்பியால் கட்டினேன். முதல் பனியன்று புண்ணாக்கு ஏற்றிக்கொண்டு போய் இரண்டு தடவை அடித்தேன். மேற்கு மேட்டில் முப்பத்தொன்று நின்று அந்தப் பளபளப்பைச் சந்தேகமாகப் பார்த்தாள். இன்னொரு தடவை அடித்தேன். ஓடி வந்தாள், பின்னாலேயே எல்லாம். உட்காருமிடம் உண்மையிலேயே சூடாகிறது. முழங்காலுக்கு இதம். இதை வெர்லினிடம் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அன்றைக்கே அவசரத்தில் முப்பத்தொன்று இடது கதவில் ஒரு முட்டு முட்டிவிட்டாள். உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம். வெர்லின் வண்டியைச் சுற்றி வந்து பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டு, தட்டி நிமிர்த்த டவுனுக்குக் கொண்டு போகிறேன் என்று சாவியைக் கேட்டான்.

"தொடாத," என்றேன். "எந்த மாடுன்னு மட்டும் எழுதி வை."