உள்ளிருந்து வந்த பதில்

1

இந்தக் கதை செவ்வாய்ப்பேட்டையில் பருப்பு வாங்கப் போன இடத்தில் என்மேல் ஒட்டிக்கொண்டது. ரிட்டயர்டு ஏட்டு ஒருவர் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "காவல் பாரா மாத்தும்போது லாக்கப்புல ஆளை யாருங்க எட்டிப் பாக்கறது? வெளிய நின்னு பேரைக் கூப்பிடுவோம். கொரல் வந்தா ஆள் இருக்கான்." பருப்பை மறந்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

2

முதல் தொடக்கம்: 'சேலத்துச் சமவெளியின் வெயிலில் அந்தக் காவல் நிலையம்...' சே, வெயிலை விடுங்கள். நேராகவே சொல்கிறேன்.

நாமக்கல் பக்கம் ஒரு ஸ்டேஷன். (தேடாதீர்கள், கிடையாது.) திருட்டுச் சந்தேகத்தில் பிடித்து வந்த சின்னான் லாக்கப்பில் செத்துக் கிடந்தான். காலையிலேயே உயிர் போய்விட்டது என்கிறார் டாக்டர். மத்தியானம் பாராவுக்கு வந்த கான்ஸ்டபிள் சென்னிமலையோ, "பேரைக் கூப்பிட்டேனுங்க. 'இருக்கேனுங்க'ன்னு கொரல் வந்துச்சுங்க" என்கிறான். துறை விசாரணை வைத்துவிட்டார்கள். கூப்பிடவே இல்லை என்று ஒத்துக்கொண்டால் இன்க்ரிமென்ட் வெட்டோடு தப்பிப்பான். சொன்னதையே சொல்லி, அது பொய் என்று முடிவானால் வேலை போச்சு.

3

சென்னிமலை புளுகுகிறான் என்றுதான் நானும் நினைத்தேன். எழுதியும் பார்த்தேன்: 'அன்று அவன் பாராவில் கண்ணயர்ந்து...' வாக்கியம் நகர மாட்டேன் என்கிறது.

[பேய்க்கதை ஆக்கிவிடலாமா? செத்தவனே பதில் சொன்னான் என்று முடித்தால் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம்.]

4

விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. தண்டாயுதபாணி. கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டுமே என்று நான் போட்டவர், அவ்வளவுதான். வாக்குமூலம் எழுதி முடிந்ததும் முறைப்படி அதை உரக்கப் படித்துக் காட்டினார். "பெயர் சொல்லி அழைத்தேன். உள்ளேயிருந்து, 'இருக்கேனுங்க'..."

சென்னிமலை சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அதே குரல்.

(சத்தியமாக நான் இதை யோசித்து வைக்கவில்லை. எழுதினேன், வந்துவிட்டது. அன்றைக்கு இந்த மனுஷன் அந்த லாக்கப்புக்குள் என்ன செய்துகொண்டிருந்தார்? எனக்கே தெரியாது.)

"என்னப்பா, எல்லாம் சரியா இருக்கா?"

"இருக்குதுங்கய்யா."

"அந்தக் கொரலை மறுபடி கேட்டா அடையாளம் தெரியுமா?"

கதவுக்கு வெளியே சின்னானின் மனைவி மயிலம்மாள் நிற்கிறாள். உள்ளே பேசுவது அவளுக்குக் கேட்கும்.

5

'தெரியாதுங்கய்யா' என்று எழுதினேன். மயிலம்மாளை நினைத்து அடித்தேன். 'தெரியுமுங்கய்யா' என்று எழுதினேன். அதையும் அடித்தேன். பாவம், அவனுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. எனக்கும்தான்.

எனக்குப் பயமாக இருக்கிறது, ஒளிப்பானேன். அந்த ஒரு வரியை நீங்கள் எழுதிவிடுங்கள். யார் எழுதியது என்று டி.எஸ்.பி. கேட்டால், தயவுசெய்து என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.