ஆடு தின்ற முப்பது இலக்கங்கள்

செவ்வாய்.
வட்டுக்கோட்டையில் பூட்டிக் கிடந்த குழாய் ஓர்கனை, குழாய்களில் காற்றூதி ஒலிக்கும் பழைய இசைக்கருவியை, இன்று யாழ்ப்பாணத் திருநெல்வேலி வளாகத்துக்கு ஏற்றினோம். நூறு வருடத்துக்கு முன் கப்பலில் வந்தது, யுத்த காலத்தில் வௌவால்களின் வீடு, இனிப் பல்கலைக்கழகத்தின் சொத்து.

மாலை இசை வகுப்பு ஆசிரியை மார்கிரட் மிஸ், கழற்றிய குழாய்களுக்கு வரிசை இலக்கம் ஒட்டும் வேலையை என்னிடம் தந்தார்.

"ஞாயிறு திறப்பு விழாவில நீதான் வாசிக்கிறாய். ஒரு குழாய் மாறினாலும் பிரவீணன் வாசிப்பான். விளங்குதோ?"

"ஓம் மிஸ்," என்றேன், வகுப்புத் தோழன் பிரவீணனைப் பார்த்துக்கொண்டே.

கடைப்பசை உலோகத்தைப் பழுதாக்குமோ என்று பயந்து, கோதுமை மாவைக் காய்ச்சி ஒட்டினேன். இரண்டு தரம் சரிபார்த்தேன். மூன்றாம் தரம் பார்க்காதது உறுத்துகிறது.

குருநகர் சிமியோன் அண்ணை கடலட்டை பிடிக்கக் கடலடிக்கு மூழ்கிச் சுழியோடுபவர். தன் லொறியில் பழைய வலை விரித்துக் குழாய்களைக் கிடத்தினார். "மீனெண்டால் ஐஸும் போட்டிருப்பன்" என்றார்.

வியாழன்.
மண்டபக் கதவைச் சாத்த மறந்திருக்கிறேன். உள்ளே ஓர் ஆடு. நிலத்தில் கிடந்த சின்னக் குழாய்கள் முப்பதிலும் மாப்பசையோடு இலக்கங்களையும் தின்று முடித்திருந்தது.

"பயப்பிடாதை நிவே," என்றான் பிரவீணன். "அதின்ரை வயித்துக்கை எல்லாம் வரிசையாத்தான் இருக்கும்."

வெள்ளி.
வரிசை கண்டுபிடிக்கக் குழாய்களை அளந்தேன். நுனிகள் நெளிந்திருந்ததால் நீளத்தை நம்ப முடியவில்லை. ஊதித்தான் பார்க்கவேண்டும். நான்காவதிலேயே என் மூச்சு முடிந்தது.

"தள்ளு தங்கச்சி. கடலுக்கடியில ரெண்டு நிமிசம் இருக்கிறனான்," என்று சிமியோன் அண்ணை ஊதினார். பழைய வௌவால் எச்சம் பறந்து பிரவீணனின் முகத்தில் விழுந்தது.

"ஞானஸ்நானம், தம்பி."

சுரம் ஏறும் வரிசையில் அடுக்கினோம். பதினேழும் பதினெட்டும் மாறியிருப்பதாக எனக்குப் பட்டது. இருவரும் சரி என்றார்கள். இருவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எழுதி, அடிக்கோடும் இட்டேன்.

சனி.
பொருத்தி முடிந்ததும் மிஸ் கட்டைகளைக் கடகடவென்று அழுத்திக்கொண்டு போனார். முகத்தில் திருப்தி. எனக்குக் காது கூசியது. சொன்னால் வாசிக்க விடமாட்டார். ஆனாலும் சொன்னேன்.

"மிஸ், பதினேழும் பதினெட்டும் மாறிப்போச்சு."

மிஸ் மெதுவாக அழுத்தினார். "அட, ஓம். அப்ப பிரவீணன்தான்..."

"எனக்கு மாறினதே கேக்கேல்லை மிஸ். நான் வாசிச்சால் ஆடும் சிரிக்கும்," என்றான் பிரவீணன்.

மிஸ் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, அவள் வாசிக்கட்டும். விழா முடியுமட்டும் நீ ஆட்டைப் பிடிச்சு வைச்சிரு."

இரண்டு குழாய்களையும் மாற்றிப் பொருத்திவிட்டு, ஆட்டுக்குக் கயிறு வாங்கிப் பிரவீணனிடம் கொடுத்தேன். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். பிறகு மூன்றாம் தரமும்.