அங்கம்மாவின் கைநாட்டு

“காயம் ஆறிடுச்சுன்னு கைநாட்டு வச்ச மவராசி யாருடி? வெளியே வா,” என்று அங்கம்மா ரப்பர் தோட்டத்து லயத்துக் குழாயடியில் வாளியை எத்திவிட்டாள்.

“எங்களை எதுக்கு ஏசுறே? உன் பேரு, உன் விரலு,” என்றாள் கங்காணி பெண்டாட்டி ராசம்மா. கங்காணி வீட்டில் தனிக் குழாய் உண்டு. சண்டை நடந்தால் மட்டும் அவளுக்கு எங்கள் தண்ணீர் இனிக்கும்.

“என் விரலா? எங்க இருக்கு, காட்டு.”

காட்ட முடியாது. ரப்பரைத் தகடாக்கும் மிஷின் ஆறு மாதத்துக்கு முன் அவளுடைய வலது கட்டைவிரலில் பாதியைத் தின்றுவிட்டது. மிஷினின் காப்புப் பலகையைக் கழற்றச் சொன்னது கங்காணி. பால் வெட்டும் கத்தியைப் பிடிக்க முடியாமல், நஷ்ட ஈடு கேட்டு எழுதிப் போட்டிருந்தாள். நேற்று சிகாமட் லேபர் ஆபீசுக்குப் போனால், ‘குணமாகிவிட்டது, கேட்க ஒன்றுமில்லை’ என்று அவள் பெயரில் ஒரு காகிதம். கேஸை மூடி மூன்று வாரமாம். குணமானவள் வேலைக்கு வராவிட்டால் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான். புருஷன் செத்தவள், அக்கரையில் யார் இருக்கிறார்கள்?

“அந்தக் காயிதத்துல இருக்கிறது முழு விரலு, சுழி சுழியா. நடுவுல குறுக்கா ஒரு வெட்டு,” என்றாள் அங்கம்மா.

நான் அடுத்தவர் விஷயத்தில் தலையிடுகிறவள் இல்லை. என் கண்தான் தானாக ராசம்மாவின் கைக்குப் போயிற்று. கட்டைவிரலில், மீன் அரியும்போது அரிவாள்மணையில் பட்ட வெட்டு. மஞ்சள் வைத்துக் கட்டியவளே நான்.

“ஏன் ராசம்மா, கையை முந்தானைக்குள்ள வைக்கிறே?”

ராசம்மா கையை வெளியே எடுத்துத் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள்.

“அரிசிப் படியைக் கூட்டித் தரச் சொல்லிக் கேக்குற மனு, விரலை வைன்னாரே எங்க வீட்டுக்காரரு,” என்றாள் மெதுவாக. பிறகு கொண்டையை இறுக்கி முடிந்தாள். “என் விரலை வச்சே ஒருத்தி சோத்துல மண்ணைப் போட்டிருக்காரு. நட அங்கம்மா, ஆபீசுக்கு.”

லாரிக்காரர் காளியப்பன் ரப்பர் கட்டுகளுக்கு மேலேயே லயத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டார். லேபர் துரை இருவர் விரலிலும் மை தடவிப் பதித்துப் பார்த்தார். ராசம்மாவுடையது அச்சு அசல்; அங்கம்மாவுடையது நசுங்கிய பலாக்கொட்டை. “கேஸை மறுபடி எடுக்கிறேன், டாக்டர் பார்க்கட்டும்,” என்று துரை தன் வெள்ளைக்காரத் தமிழில் சொன்னதும் நாங்கள் போட்ட குலவையில் பியூன் எழுந்து நின்றுவிட்டான்.

நஷ்ட ஈடு வந்தது. கங்காணி குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனார், தனியாக. ராசம்மா பால் வெட்டப் பேர் கொடுத்து எங்கள் லயத்துக்கே குடிவந்துவிட்டாள். இப்போது சண்டை இல்லாத நாளிலும் எங்கள் குழாய்தான். அங்கம்மா தைப்பூசம் கழிந்ததும் காளியப்பனைக் கட்டிக்கொண்டு சிகாமட் டவுனுக்குப் போனாள். ஆபீசுக்குப் போன அன்றைக்கு நாங்கள் எல்லாம் கட்டுகள் மேல் இருக்க, லாரியில் முன்சீட்டில் அவள் மட்டும் எப்படி உட்கார்ந்தாள் என்று நான் அப்போதே கேட்டேன்.